திருப்பதியில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுங்கள்

சென்னை, வேலூர், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து திருப்பதி போகிறவர்களில் பலர் அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். விடிவதற்கு முன் வண்டி ஏறி, வீட்டில் கட்டிய சோற்றை வழியில் பிரித்துச் சாப்பிட்டு, பெருமாளைச் சேவித்து, லட்டுப் பையோடு இரவே வீடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் இப்படி ஒருநாள் பயணம் நடத்தி வந்திருக்கிறது. போய் வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால், பேச்சு முழுக்க வரிசையைப் பற்றித்தான். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது என்பார் ஒருவர். நாள் முழுக்கக் கூடத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். யாத்ரீகருக்குச் சோறிட்டே வளர்ந்த ஓர் ஊரில் என்ன சாப்பிட்டோம், யார் பரிமாறினார்கள் என்ற பேச்சே எழுவதில்லை.

சாப்பாட்டுக்காகவே ஓர் ஊருக்குப் போகும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. மதுரைக்கும் காரைக்குடிக்கும் திண்டுக்கல்லுக்கும் அப்படிப் போகிறோம். அந்த வரிசையில் திருப்பதியை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் சங்க இலக்கியத்தில் கிடைக்கிறது. வேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வைத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மலை நாட்டை ஆண்ட புல்லி என்ற தலைவனை அகநானூற்றில் மாமூலனார் பாடுகிறார். அவன் நாட்டு மாடு மேய்ப்பவர்கள், காளையின் கழுத்தில் மூங்கில் குழாயைக் கட்டி அதில் புளிச்சோறு கொண்டுபோவார்களாம். பசியில் காது அடைத்து வரும் வழிப்போக்கருக்கு அதைத் தேக்கிலையில் பகிர்ந்து கொடுப்பார்களாம். மலைமேல் கோயில் பெருகிப் பேர் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வேங்கட நாட்டுக்கு வந்த பயணியின் அனுபவம் சோற்றில் தொடங்கியிருக்கிறது. இன்றும் வியாழக்கிழமைதோறும் திருமலையில் நடக்கும் திருப்பாவாடைச் சேவையில் பெருமாளுக்கு முன் குவிப்பது புளியோதரையைத்தான். இரண்டுக்கும் நேர் வரலாற்றுத் தொடர்பு காட்ட முடியாது. ஆனால், இந்த மலையையும் புளிச்சோற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குத் திருப்பதி வேறு ஊராகத் தெரியும்.

இரண்டாவது காரணம் கோயில் சுவர்களில் இருக்கிறது. திருமலையிலும் கீழ்த் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பான்மை தமிழ். 1930-களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலான அறிஞர்கள் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் பல்லவ குலத்து அரசி சாமவை திருவமுதுக்கும் விளக்குக்கும் நிலம் விட்டது தொடங்கி, விஜயநகர காலம் வரை அந்தக் கல்வெட்டுகள் பேசுவதில் பெரும்பகுதி சாப்பாடு. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை அரிசி, எத்தனை நெய், எத்தனை வெல்லம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சமையல் குறிப்பைக் கல்லில் எழுதிய ஊர்கள் உலகில் அதிகம் இருக்காது.

அந்தச் சோறு எங்கே போயிற்று என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. படைத்த உணவில் நான்கில் ஒரு பங்கு, படையலுக்கு ஏற்பாடு செய்தவருக்கு உரியது. விட்டவன் விழுக்காடு என்று அதற்குப் பெயர். பலர் அந்தப் பங்கைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல் மடங்களுக்கும் யாத்ரீகருக்குச் சோறிடும் இராமானுஜகூடங்களுக்கும் எழுதிவைத்தார்கள். சாளுவ நரசிம்மர் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில், கந்தாடை இராமானுஜ ஐயங்கார் அந்தக் கூடங்களை நடத்தினார். அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960-இல் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி பின்னுக்குக் கொண்டுபோகிறது. கோயிலுக்கு வந்த தானப் பணம் கிராமங்களில் ஏரி, கால்வாய் வேலைகளுக்குச் செலவாயிற்று. அதனால் கூடிய விளைச்சலிலிருந்து கோயிலுக்கு வந்த பங்கு படையலாயிற்று. படையல் யாத்ரீகர் இலைக்கு வந்தது. வயலுக்கும் இலைக்கும் நடுவில் கோயில் இருந்தது.

கருவறைக்குள் போகும் உணவும் ஓர் அரிய கதை. லட்டும் வடையும் பொங்கலும் எத்தனை குவிந்தாலும் குலசேகரன் படி எனும் கருவறை வாசற்படியைத் தாண்டி உள்ளே போவது, மண்சட்டியில் வைத்த தயிர்சாதம் ஒன்றுதான். குறும்பறுத்த நம்பி என்ற குயவரின் பக்தியைச் சொல்லும் தலபுராணத்தோடு மண்சட்டியைச் சேர்த்துச் சொல்வார்கள். உலகின் மிகச் செல்வமான கோயில்களில் ஒன்றில், மிக உள்ளே போகும் உணவு ஏழை வீட்டு மதியச் சாப்பாடு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதைச் சொல்லலாம். நேரமும் நன்றாகப் போகும்.

லட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1715-இல் படைக்கத் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பிரசாதத்துக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மடைப்பள்ளியின் அளவுப் பட்டியலாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் 5,100 லட்டுகளுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ நெய். 2024-இல் அந்த நெய்யின் தூய்மை பற்றி எழுந்த குற்றச்சாட்டு தேசத்தையே உலுக்கியது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் மாதம் ஐந்து பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. ஒரு பண்டத்தின் தரத்தை நம்பி எத்தனை கோடி மனங்கள் இருக்கின்றன என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அந்த அக்கறை லட்டோடு நின்றுவிடக் கூடாது.

திருமலைக்கு வரும் பயணி தவறவிடக் கூடாத இடம் தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடம். என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானம், 2011-இல் இந்தப் பெரிய கட்டடத்துக்கு வந்தது. ஆயிரம் பேர் உட்காரும் நான்கு கூடங்கள். ஒரே நேரத்தில் நாலாயிரம் பேர் சாப்பிடலாம். பெயருக்கு உரிய வெங்கமாம்பா பதினெட்டாம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்து, திருமலையில் யாத்ரீகருக்கு அன்னமிட்டவர். கூடத்துக்குள் போனால் கோடீஸ்வரருக்கும் கூலிக்காரருக்கும் அடுத்தடுத்த இலை. விடுப்பு எடுத்துக்கொண்டு சேவைக்கு வந்த ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வாளி தூக்கிப் பரிமாறுகிறார்கள். சோறு, சாம்பார், ரசம், மோர், சர்க்கரைப் பொங்கல்: எளிய சாப்பாடுதான். தரிசனச் சீட்டு கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. ஒருநாள் பயணக்காரர்களில் பெரும்பாலோர் 'வண்டிக்கு நேரமாச்சு' என்று இந்தக் கூடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள்.

கீழ்த் திருப்பதி நகரத்துக்கு அவ்வளவு கவனமும் கிடைப்பதில்லை. 1944-இல் முதல் மலைச்சாலை திறக்கும்வரை நிலைமை வேறு. அதற்கு முன் வந்தவர்கள் அடிவாரத்தில் சத்திரத்தில் தங்கி, சமைத்தோ வாங்கியோ சாப்பிட்டு, கோவிந்தராஜரைச் சேவித்து, பிறகு நடந்தோ டோலியிலோ மலையேறினார்கள். 1830-இல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி திருப்பதி வழியாகத்தான் போனார். எந்த ஊரில் தங்கலாம், என்ன பொருள் கிடைக்கும் என்று வழி நெடுகக் குறித்துக்கொண்டே போன அவருடைய நூல், தெலுங்கின் முன்னோடிப் பயண நூல்களில் ஒன்று. இன்றைய பயணி கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்து, தன் ஊரிலேயே கிடைக்கும் பன்னீர் பட்டர் மசாலாவைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், சைவக்காரருக்கு வேர்க்கடலைச் சட்னியும் புளிச்சகீரைத் துவையலும் பருப்பும், இந்த மண்ணின் சாப்பாடு. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் பேசும் மாவட்டம் இது, அடுப்பும் அப்படித்தான்.

பிரான்சின் லியோன் நகரத்தை இங்கே நினைத்துக்கொள்வது பயன்படும். கிறிஸ்து பிறப்பதற்கு 43 ஆண்டுகள் முன் ரோமானியர் நிறுவிய ஊர். 1998-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1935-இல் உணவு விமர்சகர் குர்னோன்ஸ்கி அதை உலக உணவுத் தலைநகர் என்று அழைத்தார். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள், செல்வர் வீடுகளில் சமைத்துவிட்டுப் பின்பு சொந்தமாகச் சிறு கடை போட்ட பெண்கள். அவர்களில் யூஜெனி பிரேசியே 1933-இல் இரண்டு உணவகங்களுக்கும் சேர்த்து ஆறு மிஷலின் நட்சத்திரம் பெற்றார். இவ்வளவு இருந்தும் லியோன் போகும் பயணிகளிடமிருந்து வழக்கமாக வரும் குறை, பழைய நகரத் தெருக்களில் சுற்றுலாக்காரர்களைக் குறிவைத்துத் திறந்த போலிக் கடைகள். நகரம் என்ன செய்தது? 'பூஷோன்' எனப்படும் பாரம்பரியச் சாப்பாட்டுக் கடைகளுக்கு, தகுதி பார்த்து, வாசலில் ஒட்ட ஓர் அடையாளச் சின்னம் கொடுக்க ஏற்பாடாயிற்று. பயணிக்கு எங்கே நுழைவது என்ற குழப்பம் குறைந்தது. அதே நகரம் 2019-இல் பெரும் செலவில் திறந்த உணவுக் கண்காட்சி மையம், போதிய கூட்டம் வராமல் அடுத்த ஆண்டே மூட வேண்டியதாயிற்று. பிறகு வேறு வடிவில்தான் மீண்டும் திறந்தார்கள். சமைக்கும் கடையைத் தேடி வருகிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த உணவு போதாது.

திருப்பதிக்கு வேண்டியதும் அந்தச் சின்னம் போன்ற ஒன்று. இந்த வட்டாரத்துச் சாப்பாட்டைத் தரமாக, வாசலில் விலை எழுதிப்போட்டு விற்கும் கடைகளுக்கு மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து அடையாளம் கொடுக்கலாம். பலகை தெலுங்கோடு தமிழிலும் இருக்கட்டும். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் விஷ்ணு நிவாசத்தில் இலவச தரிசன டோக்கன் வாங்கி, தன் நேரத்துக்காகக் காத்திருப்பவர்கள் நகரத்தில்தான் மணிக்கணக்கில் இருக்கிறார்கள். 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி டோக்கன் கொடுக்கும் இடத்தில் நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். தமிழகத்திலிருந்து போனவரும் அதில் உண்டு. கூட்டத்தை ஒரே வாசலில் அடைத்து வைப்பதன் விலை அது. காத்திருக்கும் நேரத்தில் போக ஓர் இடமும், உட்கார்ந்து சாப்பிட ஒரு கடையும், படிக்க ஒரு பலகையும் இருந்தால் மக்கள் ஊருக்குள் பரவுவார்கள். அப்பப்படி, அதிரசப்படிக் கல்வெட்டுகளின் படியெடுப்பை விளக்கத்தோடு கோவிந்தராஜர் கோயில் வீதியில் வைக்கப் பெரும் செலவாகாது. பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் களி சாப்பிடுவது நல்ல ஏற்பாடு.

தமிழகப் பயணிகளின் பங்கும் இதில் உண்டு. ஓர் இரவு தங்குவது பெரிய செலவில்லை. முடியாதவர்கள், முன்னூறு ரூபாய்ச் சீட்டைப் பல வாரம் முன்பே வாங்கிவிடும் அதே கவனத்தை, சாப்பிடும் ஒரு மணி நேரத்துக்கும் ஒதுக்கலாம்.

வேலூர்ப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு வழி சித்தூர். ஜூன், ஜூலையில் அந்தச் சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள் காய்த்துக் குலுங்கும். கிளிமூக்கு எனும் தோத்தாபுரி மாம்பழம். பெரும்பகுதி கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. 2025 பருவத்தில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு எட்டு ரூபாய், அரசு நான்கு ரூபாய் என்று பன்னிரண்டு ரூபாய்க்குக் கணக்குப் போட வேண்டிய நிலை வந்தது. ஆலை வாசலில் பழ வண்டிகள் காத்துக் கிடந்த அந்த வாரங்களில், அதே சாலையில் ஆயிரக்கணக்கான யாத்ரீகர் வாகனங்கள் பாட்டில் பானம் குடித்துக்கொண்டே கடந்தன. அந்த இரண்டு மாதங்களில் அன்னப்பிரசாதக் கூடத்து இலையில் சித்தூர் மாங்கூழ் ஒரு கரண்டி விழட்டும். கொள்முதலைத் தேவஸ்தானம் உழவர் சங்கங்களிடமிருந்தே நேரடியாகச் செய்யட்டும். சாலையோரம் உழவர்களே பழமும் சாறும் விற்கக் கூரை போட்ட கடைகளை மாவட்ட நிர்வாகம் கட்டிக் கொடுக்கட்டும். அடுத்த பருவம் தொடங்க ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை; கொள்முதல் பேச்சைப் பூ விடும் காலத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.