இரும்படிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?

மேலே இருக்கிற பழமொழியை எங்க ஊர்ல ஏழெட்டு மாசமா பார்க்கிறவன் எல்லாம் என்கிட்ட சொல்லிட்டான். ஈ வேற யாருமில்லை, அடியேன்தான். இரும்படிக்கிற இடம், காட்டுமன்னார்கோயில்ல மிச்சமிருக்கிற ஒரு கொல்லுப்பட்டறை. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பொட்டி தட்டுற வேலை. சனிக்கிழமை காலையில பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கிட்டு உலைக்கு முன்னாடி போய் உட்கார்ந்துடுவேன். முதல் நாள் பட்டறைப் பெரியவர் கேட்ட கேள்வி: "ஏன் தம்பி, கம்ப்யூட்டர் வேலை போயிடுச்சா?" :-)

நம்ம சக பதிவர்கள்ல நாலு பேருக்காவது இந்த ஆசை உள்ளுக்குள்ள இருக்கும்னு தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு யூட்யூப்ல யாரோ ஒரு வெள்ளைக்காரர் பழைய பேரிங்கைக் காய்ச்சி பளபளன்னு கத்தி பண்றதைப் பார்க்கிறோம். உடனே நமக்கும் கை அரிக்குது. மறுநாளே ஹேர் டிரையர், பழைய பக்கெட், ஒரு மூட்டை கரின்னு மொட்டை மாடியில கடை விரிக்கத் தோணுது. என் கட்சி வேற. கத்தியைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க. பக்கத்து ஊர்ப் பட்டறையில மம்முட்டி காய்ச்சி அடிக்கிறதையும் அருவாளுக்கு வாய் தட்டுறதையும் பார்த்து, துருத்தி சுத்தி, காசு கொடுத்துக் கத்துக்குங்க. ஏன்னு சொல்றேன்.

இந்தத் தொழில்ல முதல் பாடம் சுத்தியல் இல்லை, நெருப்பு. வெளியில இருந்து பார்க்கிறப்ப கரியில காத்து ஊதினா சிவக்கும், சிவந்ததை அடிக்கணும், அவ்வளவுதானேன்னு இருக்கும். ஆனா உலைக்குள்ள ஒவ்வொரு உயரத்துக்கும் ஒவ்வொரு குணம். காத்து வர்ற ஓட்டைக்குப் பக்கத்துல ஆக்சிஜன் அதிகம். அங்க கொண்டுபோய் இரும்பை வெச்சா மேல்தோல் கருகி செதில் செதிலா உதிரும், இன்னும் கொஞ்சம் விட்டா மத்தாப்பு மாதிரி பொறி பறந்து இரும்பே எரியும். ரொம்ப மேலே வெச்சா வெளிக்காத்து பட்டு அங்கேயும் செதில்தான். ரெண்டுக்கும் நடுவுல, கரி ஆக்சிஜனைத் தின்னு முடிச்ச இடத்துல வைக்கணும். மேலேயும் கீழேயும் கரி இருக்கணும், துருத்தியை நிதானமா சுத்தணும். பெரியவருக்கு உலையோட சத்தத்தை வெச்சே இது தெரியும்.

நிலக்கரி போட்டா இன்னொரு கூத்து. ஈரக்கரியை நடுவுல கொட்டக் கூடாது, ஓரமா அணை மாதிரி கட்டணும். அது புகைஞ்சு, வீங்கி, ஒட்டிக்கிட்டு கோக் ஆனதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடுவுல தள்ளணும். அடியில கிட்டம் சேர்ந்து காத்தை அடைக்கும், அப்பப்போ தோண்டி எடுக்கணும். எங்க பட்டறையில பெரும்பாலும் மரக்கரிதான், அதுவும் சீமைக்கருவேலங்கரி. புகை கம்மி, கந்தகம் கம்மி, லேசான காத்துலயே பிடிச்சுக்கும். ஆனா சோறு தின்ற மாதிரி தின்னும், பொறியும் நிறைய பறக்கும். பாலியெஸ்டர் சட்டையோட போறவங்க சட்டையில வீட்டுக்கு வர்றப்போ ஜன்னல் இருக்கும்.

"பக்கத்துலயே நெய்வேலி இருக்கே, அங்க இல்லாத கரியா?"ன்னு என்னைக் கேட்காத ஆள் இல்லை. இருக்குதான். ஆனா நெய்வேலியில கிடைக்கிறது பழுப்பு நிலக்கரி. வெட்டி எடுக்கிறப்போ எடையில ஏறக்குறைய பாதி தண்ணி. கிலோவுக்குச் சுமார் 2500 கிலோகலோரி சூடு கொடுத்தா பெரிசு. நல்ல மரக்கரி 7000 பக்கம் வரும். அனல்மின் நிலையத்துல பொடி பண்ணி மலை மலையா எரிக்க அது சரி, இந்தச் சின்ன உலையில இரும்பை மஞ்சளாக்க அது லாயக்கில்லை. ஒரு காலத்துல அதையே கரியாக்கி 'லெக்கோ'ன்னு அடுப்புக்கு வித்தாங்க, பெரிசுங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கரி விஷயத்துல நம்ம மாவட்டமே ஒரு பெரிய கதையைப் பார்த்திருக்கு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டை இருக்குல்ல, அங்க 1830-ல ஜோசையா மார்ஷல் ஹீத்னு கிழக்கிந்தியக் கம்பெனியில உத்தியோகம் பார்த்து விட்டுட்டு வந்த ஒருத்தர் இரும்பாலை ஆரம்பிச்சார். சேலத்து இரும்புத் தாது, காட்டு மரக்கரி, இங்கிலாந்து பாணி ஊதுலை. தாது எவ்வளவு வேணும்னாலும் இருந்துச்சு, இடிச்சது கரிதான். பக்கத்துக் காடெல்லாம் தீரத் தீர, கரி தூரத்துல இருந்து வந்துச்சு, விலை ஏறுச்சு. கம்பெனி கை மாறி, பேர் மாறி, 1860-கள்ல மூடியே போச்சு. ஹீத் நல்ல மூளைக்காரர். எஃகு உருக்குறப்போ மாங்கனீசு சேர்த்தா தரம் கூடும்னு கண்டுபிடிச்சு 1839-ல காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிங்க செய்முறையை லேசா மாத்திக்கிட்டு, காசு தராம டபாய்ச்சாங்க. வருஷக்கணக்கா கோர்ட்டு வழக்கு. 1851-ல மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். காப்புரிமைன்னா இன்னைக்கும் இப்படித்தான் நடக்குதுன்னு நம்ம துறை ஆளுங்களுக்குத் தனியா சொல்லணுமா என்ன!

சரி, நெருப்புக்கு அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடிக்க வெச்சது பதம். பட்டறை ஏன் இருட்டா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ஏழ்மையினால மட்டும் இல்லை. வெயில்ல இரும்போட நிறம் தெரியாது. அருவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டைதான் சரக்கு, சுமார் 0.6 சதவீதம் கார்பன். (கட்டட வேலைக்கு வர்ற சாதா கம்பியை எவ்வளவு காய்ச்சித் தண்ணியில முக்கினாலும் அருவா அளவுக்கு இறுகாது, அதுல கார்பன் பத்தாது.) இந்தப் பட்டையை அடிச்சு உருவம் கொண்டுவந்த பிறகு, செர்ரிப் பழச் சிவப்பு வர்ற வரைக்கும் காய்ச்சறாங்க. நான் சட்டைப் பையில ஒரு காந்தம் வெச்சிருக்கேன். 770 டிகிரி பக்கம் இரும்புக்கு காந்த ஈர்ப்பு போயிடும், அதுக்குக் கொஞ்சம் மேலேதான் தோய்க்க வேண்டிய சூடு. பெரியவர் "இப்ப"ன்னு சொல்ற நேரமும் என் காந்தம் ஒட்டாம போற நேரமும் அநேகமா ஒண்ணாவே இருக்கு. அவர் காந்தத்தைப் பார்த்துச் சிரிக்கிறார், அவ்வளவுதான்.

தோய்க்கிறதும் முழுசா இல்லை. வாயை மட்டும் தண்ணியில காட்டி வெளியே எடுக்கிறார். அந்த நேரத்துல வாய் கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தா உடையும். சட்டுன்னு ஒரு கல்லுல தேய்ச்சுப் பளிச்சுன்னு ஆக்கிட்டு, உத்துப் பார்க்கிறார். முதுகுல மிச்சமிருக்கிற சூடு மெதுவா வாய்ப் பக்கம் நகர்ந்து வருது. அது வர்ற வழியில நிறம் ஓடுது பாருங்க: முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். 220 டிகிரியில இருந்து 300 வரைக்கும் இந்த வரிசை. மேல படர்ற ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுது, தண்ணி மேல எண்ணெய் மிதக்கிறப்போ தெரியுமே, அதே இயற்பியல். தேவையான நிறம் வாயைத் தொட்ட நொடியில மறுபடி தண்ணி. தேங்காய் வெட்டுற அருவாளுக்கு ஒரு நிறம், கருவேல மரத்துல போடற அருவாளுக்கு இன்னொண்ணு. மொத்தமும் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். இதை வீடியோவுல நூறு தடவை பார்த்திருக்கேன். அந்த நிறத்தைக் கேமரா பொய்யாத்தான் காட்டும்னு நேர்ல பார்த்தப்பதான் புரிஞ்சுது.

நான் நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சவன். முதல் வருஷ ஒர்க்‌ஷாப் பாடத்திட்டத்துல கொல்லுவேலை இருந்துச்சு. அறுகோணத் தலை போல்ட் செய்றதுன்னு உதாரணம்கூட போட்டிருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை: 'செய்து காட்டல்'. நாம செய்யறது இல்லை, அவங்க செஞ்சு காட்டறது. எங்க காலேஜ்ல அதுவும் பத்து நிமிஷம், ரெக்கார்டு நோட்டுல ஒரு படம். கொடுமணல்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எஃகு செஞ்சோம், நம்ம உருக்குதான் உலகத்துக்குப் போச்சுன்னு பதிவு போட்டு மார்தட்டுறோம், தப்பில்லை. ஆனா அந்தப் பெருமைக்கு இன்னைக்கு உலைக்கு முன்னாடி நிக்கிற ஆளோட கூலியில பத்து பைசா பங்கு இருக்கா?

இங்கதான் வம்பான இடத்துக்கு வர்றேன், கும்மி அடிக்கிறவங்க தயாராகலாம். 2023 செப்டம்பர்ல மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்துச்சு. 18 தொழில், அதுல கொல்லுவேலையும் ஒண்ணு. அஞ்சிலிருந்து ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000, அப்புறம் கடன். குடும்பத் தொழில்னு இருக்கே, வயசு 18-ன்னு இருக்கே, இது காலேஜ் போற பையனைப் பட்டறைக்கு இழுக்காதான்னு தமிழ்நாடு எதிர்த்துச்சு. 1953-ல ராஜாஜி கொண்டு வந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை குலக்கல்வின்னு எதிர்த்து அடுத்த வருஷமே ஒழிச்ச மாநிலம் இது, அந்தப் பயம் நியாயமானதுதான். பதிலுக்கு 2025 ஏப்ரல்ல மாநில அரசு கலைஞர் கைவினைத் திட்டம்னு ஆரம்பிச்சுது. சாதி, குடும்பத் தொழில் நிபந்தனை கிடையாது, 25 தொழில், வயசு 35-க்கு மேல.

எனக்கு ரெண்டாவது திட்டத்தோட நியாயம்தான் பிடிச்சிருக்கு. எங்க பெரியவரோட பையன் டிப்ளமோ முடிச்சுட்டு ஓசூர்ல வேலை பார்க்கிறான். அவனைத் திரும்பி வந்து துருத்தி சுத்துன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நான் சம்பளம் வாங்கிக்கிட்டு வாரக் கடைசியில வேர்க்கிறவன். ஆனா ரெண்டு திட்டத்துலயும் எனக்கு ஒரு ஓட்டை தெரியுது. பிறப்பால இந்தத் தொழிலுக்கு வந்தவங்க போகட்டும், சந்தோஷம். பிறப்பால வராத ஒரு இருபது வயசுப் பையனோ பொண்ணோ விரும்பிக் கத்துக்க வந்தா, கத்துக் கொடுக்கிற பெரியவருக்கு யார் கூலி கொடுப்பாங்க? ஏழு நாள்ல உலையில கரியை ஒழுங்கா அடுக்கக்கூட வராது. கடன் தர்றாங்க, கருவி தர்றாங்க, குருவுக்குச் சம்பளம்னு நான் எங்கேயும் பார்க்கலை. இன்னொண்ணு, விஸ்வகர்மா திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு ஒருத்தர்தான். எத்தனையோ பட்டறையில சம்மட்டி அடிக்கிறது வீட்டம்மாதான்! எங்க பட்டறையிலும் அந்தம்மாதான். பெரியவர் சின்னச் சுத்தியலால இடம் காட்ட, அந்தம்மா அஞ்சாறு கிலோ சம்மட்டியைச் சரியா அங்கேயே இறக்குவாங்க. காகிதத்துல அவங்க 'கொல்லர்' இல்லை.

பெரியவர் என்கிட்ட காசு வேணாம்னுதான் முதல்ல சொன்னார். கட்டாயப்படுத்தி ஒரு நாள் கூலியைக் கொடுத்துட்டுத்தான் உட்கார்றேன். நான் அங்க இருந்தா அவருக்கு வேலை ஓடாது, கரி வீணாகுது, அதுக்கு விலை இருக்கு. அவர்கிட்ட இருந்து நான் இது வரைக்கும் கத்துக்கிட்டது: ஆணி, கொக்கி, மாட்டுக் கட்டுத்தறி வளையம், மம்முட்டிக்குப் பூண். கத்தி இன்னும் ஆரம்பிக்கலை, அவசரமும் இல்லை. கொக்கியில இழுக்கிறது, வளைக்கிறது, முறுக்குறது, கூர் எடுக்கிறது எல்லாமே வந்துடுது.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். துத்தநாகம் பூசின பைப், தகரம் எதையும் உலையில போடாதீங்க, அந்தப் புகை ஜுரத்துல கொண்டுபோய் விடும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாம உட்காராதீங்க, பெரியவங்க போடலைன்னாலும் நீங்க போடுங்க. அறுவடை மெஷின் வந்ததுக்கு அப்புறம் கருக்கருவா வேலை சுத்தமா குறைஞ்சு போச்சு. ஆனா வீராணத்துத் தண்ணி வாய்க்கால்ல வந்து நடவு ஆரம்பிக்கிற சமயம் மம்முட்டி வேலை குவியும், அந்த மாசம் போய்த் தொல்லை பண்ணாதீங்க. உங்க ஊர்ல இன்னும் உலை எரியுதா, கரியா நிலக்கரியா, கத்துக் கொடுப்பாங்களா, ஒரு நாளுக்கு என்ன கேட்கிறாங்கன்னு பின்னூட்டத்துல போடுங்க. சேலம், திருப்பாச்சேத்திப் பக்கத்து ஆளுங்க கண்டிப்பா சொல்லணும்.