இரத்தப் பரிசோதனை இறுதித் தேர்வன்று



கடந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று வாரங்கள் யாரிடமும் காட்டாமல் இருந்தேன். என் கணவரிடம்கூடக் காட்டவில்லை. அஃது என் இரத்தப் பரிசோதனை முடிவு. ஈராண்டுகளுக்கு முன் 6.8 ஆக இருந்த எச்பிஏ1சி அளவு 9.4 ஆக உயர்ந்திருந்தது.

காரணம் எனக்குத் தெரியாததன்று. கிள்ளானில் என் தாயார் படுக்கையில் விழுந்த நாள்முதல், பள்ளி முடிந்ததும் அவரிடம் சென்றுவிட்டு, இரவில் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் திரும்புவேன். பசித்த வயிற்றுக்கு நிலையத்தின் அருகில் கிடைத்த ரொட்டி சானாயும் தே தாரிக்கும்தான் இரவு உணவு. வார இறுதி நடைப்பயிற்சி நின்றது. இரவு மாத்திரை பல நாள் மறந்தது. அம்மா மறைந்த பிறகு மறதி போய், அந்த இடத்தில் சலிப்பு வந்தது. 'இவ்வளவு நாள் கட்டுப்பாடாக இருந்து என்ன கண்டேன்?' என்ற எண்ணம்.

முடிவைக் கொடுத்தவர், "டீச்சரே இப்படி இருந்தால் எப்படி?" என்று கேட்டார். தீய நோக்கத்துடன் கேட்கவில்லை. ஆயினும் அந்தச் சொல் தைத்தது. அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு நான் போகவில்லை.

என்னை மாற்றியது என் வகுப்பறைதான். குறைநீக்கல் பாடவேளையில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் சொல்வதெழுதுதல் புத்தகத்தை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டான். எட்டுச் சொற்கள் பிழை. "காட்டினால்தானே கண்ணா, எங்கே தவறு என்று பார்த்துச் சரிசெய்ய முடியும்?" என்றேன். சொல்லி முடிக்கும்முன் என் கைப்பை நினைவுக்கு வந்தது.

நான் கூற விரும்பும் கருத்து இதுதான். இனிப்புநீர் உள்ளவர்களாகிய நாம் இரத்தப் பரிசோதனையை இறுதித் தேர்வாக எண்ணுகிறோம். எண் கூடினால் தோற்றோம் என்று வெட்கப்படுகிறோம், வெட்கப்பட்டதால் ஒளிக்கிறோம், ஒளிப்பதால் நோய் வளர்கிறது. நம் நாட்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டின் நோக்கம் மாணவனுக்கு முத்திரை குத்துவதன்று, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அறிவதே என்று பெற்றோர்களுக்கு நாம்தாம் விளக்குகிறோம். அதே நியாயத்தை நம் உடலுக்கு வழங்க மறுப்பது ஏன்?

இதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்ட பகுதியின் விழுக்காடு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களே வாழ்கிறது. ஆகவே இந்த அளவு கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் கதையை மட்டுமே சொல்லும். பழைய அணுக்கள் மடிந்து புதியவை பிறக்கும்போது பழைய எண்ணும் அழிந்துவிடுகிறது. இவ்வளவு விரைவாக மறுவாய்ப்புத் தரும் தேர்வு வேறு எது?

சறுக்கலுக்கு முன் நாம் எடுத்த முயற்சியும் வீண்போவதில்லை. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய ஒரு பெரும் ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுள் ஒரு பிரிவினருக்கு அளவு கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1997இல் ஆய்வு முடிந்தபின் ஓராண்டிற்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆயினும் பத்தாண்டுகளுக்குப் பிறகும், தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களிடையே மாரடைப்பும் மரணமும் குறைவாகவே இருந்தன என்று 2008இல் வெளியான முடிவுகள் காட்டின. இஃது அலட்சியத்திற்கு அனுமதி அன்று, நம்பிக்கைக்கு ஆதாரம்.

நான் என்ன செய்தேன்? மருத்துவச் சந்திப்புக்கு மீண்டும் நாள் கேட்டேன். நீரிழிவுக் கல்வியாளரான தாதியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, "முதலில் எது சுலபம்?" என்று கேட்டார். முதல் இரண்டு வாரம் இரவு மாத்திரை மட்டும். அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தேன். பிறகு இரவு உணவுக்குப்பின் பத்து நிமிட நடை. பிறகு தே தாரிக்குக்குப் பதிலாக தே ஓ கோசோங். பின்தங்கிய மாணவனுக்கு ஒரே நாளில் முழுப் பாடநூலையும் நாம் கொடுப்பதில்லையே! மூன்று மாதம் கழித்து 8.1. இலக்கை இன்னும் எட்டவில்லை. ஆனால் அந்தத் தாளை வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினேன். (மருந்தின் அளவை மட்டும் நீங்களாகவே மாற்றாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.)

இது என் தனிக்கதை அன்று. தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் 2019இல் 18.3 விழுக்காட்டினர், 2023இல் 15.6 விழுக்காட்டினர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அப்படியானால் நம் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் எத்தனை கைப்பைகளுக்குள் இத்தகைய தாள்கள் மடிந்து கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விருந்தில் ஒருவர் லட்டை எடுத்தால் எல்லார் முன்னிலையிலும், "உங்களுக்குத்தான் இனிப்புநீர் ஆயிற்றே!" என்று சொல்லாதீர்கள். மறுமுறை அவர் உங்கள் கண்படாமல் உண்பார், அவ்வளவுதான். மாறாக, "சாப்பிட்டு முடித்ததும் சற்று நடந்துவிட்டு வருவோமா?" என்று அழையுங்கள். பெற்றோர்களே, உங்கள் அளவு கூடியதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். விழுந்தவர் எழுவதை அவர்கள் புத்தகத்தில் படிப்பதைவிட வீட்டில் காண்பது மேல்.

பயிற்சிக் கழகத்தில் குறளைப் படித்தபோது அதிகார வரிசையை நான் பெரிதாகக் கவனித்ததில்லை. ஆள்வினையுடைமைக்கு அடுத்து இடுக்கணழியாமையை வைத்திருக்கிறார் வள்ளுவர். முயற்சி செய்பவனுக்கும் இடர் வரும், அப்போது மனம் தளரலாகாது என்பதை அந்த வரிசையே சொல்வதாக இப்போது எனக்குப் படுகிறது.

அந்த மாணவன் இப்போது தன் புத்தகத்தை ஒளிப்பதில்லை. நானும்தான்.