செய்ததைச் சொல்லத் தயங்காதீர்கள்

நோர்வேயில் நல்ல பதவிகளில் இருந்த தமிழர்கள் சிலர் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நோர்வே மத்திய வங்கி 2023 டிசம்பரில் வட்டியை 4.5 வீதமாக்கி, ஒன்றரை ஆண்டுகள் இறக்காமல் வைத்திருந்தது. வீடு கட்டுவோர் கையைச் சுருக்கினார்கள். கட்டட நிறுவனங்களும் அவற்றை நம்பியிருந்த ஆலோசனை நிறுவனங்களும் ஆட்களைக் குறைத்தன. அப்படிக் குறைக்கும்போது நடு அடுக்கில் இருக்கும் மேலாளர்களுக்கும் பணிநீக்கக் கடிதம் போகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து, மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் நின்றுகொண்டே படித்து, பிரிவுத் தலைவர்களாக உயர்ந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்தக் கடிதம் இவர்கள் வீட்டுக்கும் வருகிறது.

நான் ஒஸ்லோவில் ஓர் அரச நிறுவனத்தில் பிரிவுத் தலைவியாக இருக்கிறேன். ஆட்களைத் தெரிவு செய்யும் குழுக்களில் நீண்ட காலமாக இருந்துவருகிறேன். வேலை இழந்த நம்மவர்கள் தங்கள் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். வாசிக்க வாசிக்க மனம் பொறுக்காது.

அண்மையில் ஒரு பொறியியலாளர் அனுப்பினார். வயது ஐம்பத்து நான்கு. முப்பது பேர் கொண்ட பிரிவை நடத்தியவர். கடிதத்தில் பட்டங்கள் இருந்தன, பணியாற்றிய ஆண்டுகள் இருந்தன, "பல பெரிய திட்டங்களில் பங்குபற்றியுள்ளேன்" என்ற ஒரு வரி இருந்தது. தொலைபேசியில் துருவிக் கேட்டபோதுதான் விசயம் வெளிவந்தது. ஒரு சுரங்கப் பாதையின் நீர்வடிகால் வரைபடத்தில் இருந்த பிழையை, ஒப்பந்தம் கைமாறுவதற்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர். பின்னால் தெரிந்திருந்தால் வேலை மாதக்கணக்கில் முடங்கியிருக்கும். "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அது எல்லாரும் சேர்ந்து செய்ததுதானே அக்கா, நான் செய்தன் எண்டு எப்பிடி எழுதுறது?" என்றார்.

நிறைகுடம் தளம்பாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். வந்து சேர்ந்த நாடும் அதே குணமுள்ளது. டென்மார்க்கில் பிறந்து நோர்வேயில் எழுதிய அக்செல் சாண்டமூசே 1933இல் வெளியிட்ட நாவலில், தன்னைப் பிறரைவிட உயர்வாக நினைப்பவனை அடக்கி வைக்கும் பத்து விதிகள் வருகின்றன. அந்தக் கற்பனை ஊரின் பெயரால் 'யாந்தே சட்டம்' என்று இன்றும் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். தன்னைத்தானே புகழ்ந்தால் நோர்வேஜியருக்குப் பிடிக்காது, ஆகவே பேசாமல் இருப்பதே மேல் என்று நம்மவர்கள் முடிவெடுத்து விடுகிறார்கள்.

இந்த முடிவு தவறு. நோர்வேஜியர் ஒருவர் அடக்கமாக இருக்க முடிகிறது என்றால், அவருக்காகப் பேசப் பலர் இருக்கிறார்கள் என்பதே காரணம். துரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர், இராணுவ சேவையில் கூட இருந்தவர், பிள்ளையின் உதைபந்தாட்டக் கழகத்தில் ஒன்றாக நின்ற தகப்பன், பக்கத்து மலைக்குடில்காரர் என்று ஒரு வட்டம் அவரைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருக்கிறது. நமக்கு அந்த வட்டம் சிறியது. 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சமூகவியலாளர்கள் மிட்பேயனும் ரொக்ஸ்டாட்டும் 1800 புனைவு விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். தகுதி ஒன்றாகவே இருந்தும், பாகிஸ்தானியப் பெயர் இருந்தால் நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 25 வீதம் குறைந்தது. பெயரிலேயே பின்தங்கிவிடும் ஒருவர் தன் வேலையைப் பற்றியும் பேசாமல் இருந்தால், தெரிவுக் குழுவின் கையில் அவரைப் பற்றி எதுவுமே இருக்காது.

எப்படிச் சொல்வது? "நான் சிறந்த தலைவர்" என்று எழுதினால் எங்கள் குழுவில் யாரும் அசையமாட்டார்கள். என்ன சிக்கல் இருந்தது, நான் என்ன முடிவெடுத்தேன், அதனால் என்ன மாறியது, அதை யாரிடம் விசாரிக்கலாம் என்று நாலு வரியில் எழுதினால் நிமிர்ந்து உட்காருவார்கள். குழுவின் பங்கைக் குழுவுக்குக் கொடுங்கள், உங்கள் பங்கை உங்கள் பெயரில் எழுதுங்கள். அது நேர்மையான கணக்கு. நேர்முகத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு மூன்று பேருக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்போம். எந்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே நினைவூட்டி வையுங்கள்.

வேலை விளம்பரத்தின் அடியில் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அவரை அழைத்துக் கதைப்பது இங்கே வழமை. நம்மவர்கள் இதைச் சிபாரிசு பிடிப்பதாக எண்ணி ஒதுங்குகிறார்கள். அரச பதவிகளுக்குத் தகுதியுள்ள குடியேற்றப் பின்னணியினர் விண்ணப்பித்தால், அவர்களில் ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பப் படிவத்தில் அதற்கான கட்டத்தில் அடையாளமிடவும் நம்மவர்கள் கூசுகிறார்கள். அரச, நகரசபைப் பதவிகளுக்கு விண்ணப்பித்தோர் பட்டியலை எவரும் கேட்டுப் பெறலாம். பெயர் வெளியே வந்தால் வேலை போன கதை ஒஸ்லோத் தமிழர் கூடும் அம்மெரூட் கோயில் வரை போய்விடும் என்று அஞ்சி, விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் உண்டு. வேலை இழப்பது குற்றம் அல்ல. அதை மறைப்பதில் வீணாகும் மாதங்கள்தான் குடும்பத்தைக் கடனில் தள்ளுகின்றன. அரசு தரும் வேலையிழந்தோர் படி முன்னைய வருமானத்தின் 62.4 வீதம் மட்டுமே, சமூகக் காப்புறுதியின் அடிப்படைத் தொகையின் ஆறு மடங்குக்கு மேற்பட்ட சம்பளம் கணக்கிலேயே வராது, கூடிய காலம் 104 வாரங்கள்.

நம்மிடம் இன்னொரு சொத்து இருக்கிறது, அதை எவரும் எழுதுவதில்லை. சனிக்கிழமை தோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிகளை, விளையாட்டு விழாக்களை, கோயில் திருவிழாக்களைச் சம்பளமில்லாமல் நடத்துகிறோம். வரவுசெலவு போடுகிறோம், மண்டபம் பிடிக்கிறோம், தொண்டர்களைச் சமாளிக்கிறோம். கூலியில்லாப் பொதுவேலையை நோர்வேஜியர் பெரிதாக மதிப்பவர்கள். ஒரு பள்ளியை நிர்வகித்த அனுபவம் மேலாளர் பதவிக்கு நேரடித் தகுதி. அதை விண்ணப்பத்தின் நடுவே வையுங்கள்.

அரசியலில் நாம் இந்தத் தயக்கத்தை வென்றுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்த கம்சாயினி குணரத்தினம் 2007இல் ஒஸ்லோ நகரசபைக்குத் தெரிவானபோது அவருக்கு வயது பத்தொன்பது. 2015இல் துணை மேயர், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் தன்னை முன்னிறுத்தி வாக்குக் கேட்டார், நாம் பெருமைப்பட்டோம். அதே உரிமையை ஐம்பத்து நான்கு வயதுப் பொறியியலாளருக்கு ஏன் மறுக்க வேண்டும்? வேலைச் சூழல் சட்டம் எழுபத்திரண்டு வயது வரை வேலைப் பாதுகாப்புத் தருகிறது. அவருக்கு முன்னால் இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

பதவியில் இருக்கும் என்போன்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தகுதியில்லாதவரைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. கூட வேலை செய்து பார்த்தவரின் திறமையை, கேட்கும் இடத்தில் உண்மையாகச் சொல்லுங்கள். இந்த நாட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் செய்துவரும் காரியம் அது. நாமும் ஒருவருக்கு ஒருவர் அப்படிப் பேசத் தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு அந்த வட்டம் தயாராக இருக்கும். அதுவரை, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்களே, உங்கள் உழைப்பை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.