ஒரு அங்குலம் என்பது எத்தனை அங்குலம்?

'நடக்கப் போகும்போது கொண்டுபோக சின்னதா ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன், எது சார் நல்லது?' என்று கேட்பவர்கள் அத்தனை பேர் பாக்கெட்டிலும் செல்போன் இருக்கிறது. அதன் முதுகில் மூன்று கண் வேறு, முக்கண்ணன் மாதிரி. போதாதாம்.

போதாது என்பதுதான் என் கட்சியும். ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஒரு நடை நடந்து பாருங்கள், புரியும். (பெயரில்தான் ஆனை. கரையில் ஆடு.) அர்ஜுனா நதியை மறித்துக் கட்டியது. மழை பெய்தால் தண்ணீர், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். தண்ணீர் நிற்கிற நாளில் தூரத்தில் ஒரு கொக்கு தவம் பண்ணிக்கொண்டிருக்கும். செல்போனை நீட்டி விரலால் இழுத்தால் கொக்கு கிட்டே வராது. சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி வரும். வீட்டில் காட்டினால், 'பிளாஸ்டிக் பையா?'

கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது ஜூம் கேமரா. கேனன் எஸ்.எக்ஸ். 740 என்று 2018-ல் வந்தது. 40 மடங்கு இழுக்கும். கொக்கின் கண் தெரியும், அதன் வாயில் மீனின் கண்ணும் தெரியும். ஆனால் உள்ளே இருக்கிற சென்ஸார் சுமார் 6 மில்லிமீட்டருக்கு நாலரை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிசு. நல்ல வெயிலில் சமாளிக்கும். பொழுது சாய்ந்தால் படம் முழுக்கப் புள்ளிக் கோலம். ஆபீஸ் விட்டு வந்து நமக்குக் கிடைப்பதே பொழுது சாய்கிற நேரம்தானே!

அடுத்த ரகம் 'ஒரு அங்குல' சென்ஸார். அதைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது சோனி ஆர்.எக்ஸ். 100, வருஷம் 2012. எடை 240 கிராம். பி.காம். படித்தவன் கணக்குப் பார்க்காமல் விடுவேனா? 13.2-க்கு 8.8 மி.மீ. மூலைக்கு மூலை பிடித்தால்கூட 16. அங்குலம் என்பதோ 25.4. பாக்கி எங்கே? அந்தக் காலத்து டெலிவிஷன் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லி, அந்தப் பெயரையே இன்றுவரை ஓட்டுகிறார்கள். தகர டின்னோடு சேர்த்து நிறுத்து எண்ணெய் விற்கிற கணக்கு. நம் அப்பாக்கள் ஹாட் ஷாட்டில் போட்ட 110 ஃபிலிமின் நெகட்டிவே 13-க்கு 17! இருந்தாலும், முந்தின ஜூம் கேமராவைப் பார்க்க இது நாலு மடங்கு பரப்பு. சாயங்கால வெளிச்சத்துக்குத் தாங்கும்.

இன்னும் பெரிசு வேண்டுமென்றால் ரிக்கோ ஜி.ஆர். 3 (2019). 257 கிராமுக்குள் இதைப்போல மூன்று மடங்கு சென்ஸார். ஆனால் ஜூம் என்ற பேச்சே கிடையாது. கொக்கு கிடைக்காது, மனுஷர்கள் கிடைப்பார்கள்.

நான் கொக்கை விட்டுக்கொடுக்கச் சொல்கிற கட்சி. காரணம் இருக்கிறது. சாயங்காலம் பட்டாசு ஆலை வேன்கள் ஊருக்கு ஊர் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். இறங்குகிற பெண்களின் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மினுங்கும். செல்போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், கேமரா என்றால் நிற்கிறார்கள். 'தம்பி, எங்களையும் ஒண்ணு எடுங்க. பிரிண்ட்டுப் போட்டுத் தரணும், ஆமா!' அவர்களில் பல பேருக்குத் தனியாக ஒரு படம் என்றால் ஆதார் அட்டையில் இருப்பதுதான். அதில் யாரும் யார் மாதிரியும் இருப்பதில்லை. இந்தப் பக்கத்தில் ஒருவருடைய மார்பளவுப் படம் பேப்பரில் வந்தால் பெரும்பாலும் எந்தச் செய்தியோடு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் சிரிக்கிற மாதிரி ஒன்று கையில் இருக்கட்டுமே. நாலுக்கு ஆறு பிரிண்ட், ஒரு டீ செலவு.

ஆலை கேட் பக்கம் மட்டும் கேமராவைத் தூக்காதீர்கள். 'எந்தப் பத்திரிகை?' என்பார் வாட்ச்மேன். (ஃப்ரீலான்ஸ்காரனுக்கு அது தத்துவ விசாரம்.) அதைவிட முக்கியம், எங்கேயாவது புகை கிளம்பினால் படம் எடுக்க ஓடாதீர்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அதில் உதவ ஓடினவர்கள் உண்டு, வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. அந்த நேரத்துக்குச் செல்போன்தான் உலகத்திலேயே சிறந்த கேமரா. அதில் 101 அடிக்கலாம்.

சரி, எதைத்தான் வாங்குவது? செகண்ட் ஹாண்டில் ஆர்.எக்ஸ். 100-ன் மூன்றாவது மாடல், 2014-ல் வந்தது. பக்கவாட்டில் இருக்கிற விசையைத் தள்ளினால் கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல் எழும்பி வரும். நம் ஊர் வெயிலில் பின்பக்கத் திரை முகம் பார்க்கிற கண்ணாடிதான், அதனால் அந்த ஜன்னல் அவசியம். ஒரே எதிரி கரிசல் புழுதி. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போதெல்லாம் கொஞ்சம் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி வையுங்கள். கேவலமாக இருக்கும், பரவாயில்லை.

வாங்கும்போது லென்ஸைப் பத்துத் தடவை நீட்டி மடக்கிப் பாருங்கள். எஃப்-11-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. 'அது செவத்துல இருக்குற அழுக்கு தம்பி' என்பார் கடைக்காரர். 'அப்படியா அண்ணாச்சி' என்று வாசலுக்கு அழைத்து வந்து வானத்தையும் ஒன்று எடுத்துக் காட்டுங்கள். அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால், பேரத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.