காலைப் பிடிக்கும் படிப்பு

பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா? கூடாது என்று 2025 செப்டம்பர் 9 அன்று ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது. மறுநாளே திரும்பப் பெற்றது. தாத்தாவை 'டேய்' என்று கூப்பிட்ட தெரு, பேத்தியை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவது சின்ன விஷயமல்ல. ஆனால் பட்டத்துக்கு முன்னால் சீட் கிடைக்க வேண்டுமே!

இயன்முறை மருத்துவம் தொட்டுச் செய்யும் வைத்தியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. தெருவோடு நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளை நடு வீட்டுக்குள் நுழைந்து, பக்கவாதத்தில் கிடப்பவரின் காலைப் பிடித்து நடக்கப் பழக்குவார். காலைப் பிடிப்பதற்கு ஊரில் இதுவரை இருந்த பொருளே வேறு. நம் தெருவுக்கும் இந்த வைத்தியம் வேண்டும். நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் ஒடிந்த இடுப்புகளுக்குச் சுளுக்கு வழிப்பவரைவிட்டால் ஆளில்லை.

சென்னை கே.கே. நகர், திருச்சி என அரசுக் கல்லூரிகள் மிகச் சில. மற்றவை பெரும்பாலும் தனியார். இங்கேதான் தரகர் வருகிறார்.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர், கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். "கலந்தாய்வு வரை காத்திருந்தால் சீட் போய்விடும், பீஸை கவர்ன்மென்ட் கட்டிவிடும்" என்று சொல்லி, தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார் தரகர். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. விண்ணப்பம் திரும்பி வந்த பிறகே வீட்டுக்கு அது தெரிந்தது.

மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வு வழியாகப் போயிருந்தால், பட்டியலினத்தவருக்கான 18 விழுக்காட்டில் போட்டியிட்டிருக்கலாம், உதவித்தொகையும் கேட்டிருக்கலாம். கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புப் பெற்றதா என்றும் பாருங்கள். 'பிசியோ' என்று பெயர் வைத்த சான்றிதழ் படிப்பெல்லாம் பி.பி.டி. ஆகாது.

உதவித்தொகைக்கான குடும்ப வருமான வரம்பு பல ஆண்டுகளாக 2.5 லட்சத்திலேயே நிற்கிறது. நிரந்தரத் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகூட அதைத் தாண்டிவிடுகிறார். சாக்கடையில் இறங்குபவர் வசதியானவராம்! சட்டமன்றத்தில் பேச வேண்டிய கணக்கு இது.

அந்த மாணவி இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டார். பாக்கியைக் கட்டினால்தான் அசல் சான்றிதழைத் தருவோம் என்கிறது கல்லூரி. இப்போது அப்பாவோடு கரும்பு வெட்டப் போகிறார்.