வெந்நீருக்கும் ஓர் அளவு உண்டு

மார்கழி நெருங்கிவிட்டால் ரிஷிவந்தியம் பகுதிச் சிற்றூர்களில் பொழுது புகையோடுதான் விடிகிறது. வீட்டின் பின்புறம் மூன்று கல் கூட்டிய அடுப்பு, அதன்மேல் ஓர் அண்டா. எரிப்பதற்குக் கரும்புச் சோகை, மக்காச்சோளக் கட்டை, மரவள்ளிக் குச்சி. கிடைத்தால் நல்ல விறகு. சற்று வசதியுள்ள வீட்டில் வாளிக்குள் ஹீட்டர் ராடு தொங்குகிறது. புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரே தெருவில் மூன்று காலத்து வெந்நீரை நாம் காண முடிகிறது.

இப்போது நான்காவதாக ஒன்று கடைகளுக்கு வந்திருக்கிறது. வீட்டார் எந்த நேரத்தில் குளிக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதைத் தானே கவனித்து, அதற்கேற்ப வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கீசர் அது. தேசிய எரிசக்தி சிக்கன நாள் 1991 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 14 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளை ஒட்டி, இந்தப் புதிய கருவி நமக்கு என்ன சொல்கிறது என்று சற்றே சிந்திப்போம்.

சாதாரண கீசரிலும் தெர்மோஸ்டாட் உண்டு. குறித்த வெப்பத்தை எட்டியதும் அது மின்சாரத்தை நிறுத்தும். தண்ணீர் ஆறியதும் மீண்டும் ஓடவிடும். வீட்டில் ஆள் இருக்கிறார்களா, இல்லையா என்பது அதற்குத் தெரியாது. புதிய கருவியோ நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் வகுத்த விதிகளில் இத்தகைய கட்டுப்பாட்டுக்குத் தனி வரையறையே தரப்பட்டிருக்கிறது. இந்த வசதியை நிறுத்தி வைத்து ஒரு வாரம், இயக்கி ஒரு வாரம் என மின்செலவை அளந்து, குறைந்தது 7 விழுக்காடு மிச்சமானால்தான் அதைத் தானியங்கிக் கட்டுப்பாடு என்று அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? குளியலிலிருந்து வருவதில்லை. இதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். நம் தொட்டித் தண்ணீர் குளிர்காலத்தில் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.35 யூனிட் தேவை. கொதிக்கக் கொதிக்க எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும், இதமாகவே எடுத்தாலும், அந்த ஒரு வாளிக்கு வேண்டிய வெப்பம் அதேதான். எந்த அறிவுள்ள கருவியும் இதைக் குறைத்துவிட முடியாது.

வீணாவது காத்திருக்கும் வெப்பம். யாரும் குளிக்காத நேரத்திலும் கலனுக்குள் சூடாக இருக்கும் தண்ணீர், கலனின் சுவர் வழியாக வெப்பத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பம் கூடக்கூடக் கசிவும் கூடும். நம் நாட்டில் எரிசக்தித் திறன் பணியகம் கீசர்களுக்குத் தரும் நட்சத்திரக் குறியீடு இந்தக் கசிவையே அளக்கிறது: சூடான கலன் 24 மணி நேரம் சும்மா இருந்தால் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதே அதன் அளவுகோல். நட்சத்திரம் கூடினால் கசிவு குறைவு என்று பொருள்.

இதிலிருந்து ஓர் எளிய உண்மை நமக்குக் கிடைக்கிறது. 2,000 வாட் கீசர் 15 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 நிமிடம் போதும். குளிப்பதற்குச் சற்று முன் சுவிட்சைப் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில், விலை உயர்ந்த தானியங்கிக் கருவி மிச்சப்படுத்த அதிகம் ஒன்றுமில்லை. அங்கே அந்த வீட்டாரின் விரலே தெர்மோஸ்டாட். பகலெல்லாம் கலன் சூடாகவே இருக்கும் மருத்துவமனை, விடுதி, தங்கும் இல்லம் ஆகிய இடங்களில்தான் இக்கருவியின் பயன் தெரியும்.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஐந்து வாளி என்றால் 1.75 யூனிட், இரண்டு மாதத்துக்கு 105 யூனிட். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று தமிழக அரசு 2016-ல் ஆணையிட்டது. குளியல் வெந்நீர் ஒன்றே அந்த அளவைத் தின்றுவிடும்! எனவே, மின்சாரத்தில் வெந்நீர் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு செலவன்று.

சிக்கனம் என்ற பெயரில் செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. தேக்கி வைத்த வெந்நீரை எப்போதும் 40 டிகிரி அளவிலேயே விட்டுவைப்பது நல்லதன்று. 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீர், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகுவதற்கு ஏற்ற இடம். ஷவரின் நுண்ணிய துளிகள் வழியாக அது மூச்சுக்குள் போகும். ஆகவேதான் தேக்கிய வெந்நீரை 60 டிகிரியில் வைக்குமாறு வல்லுநர்கள் அறிவுறுத்துகிறார்கள். நல்ல தானியங்கிக் கருவிகள் அவ்வப்போது வெப்பத்தை உயர்த்திக் கலனைத் தூய்மையாக்கிக்கொள்ளும். வாங்கும்போது இதைக் கேட்டறிவது நலம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கீசர் உள்ளவர்களுக்கு. இல்லாதவர்களின் நிலை என்ன? ரிஷிவந்தியத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறிப் பார்ப்போம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அங்கு வாழும் மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. சமவெளியைவிடக் குளிர் கூடிய அந்த ஊர்களில் வெந்நீர் என்றால் விறகுதான். விறகு என்றால் பெரும்பாலும் பெண்களின் தலைச்சுமைதான். திறந்த அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றில் போகிறது, புகை நெஞ்சுக்குள் போகிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது.

அளவுக்கு மீறி எரிப்பவரிடம் குறைத்துக்கொள்ளச் சொல்வது நியாயம். அளவே கிட்டாதவரிடம் அதையே சொல்வது எப்படி நியாயமாகும்? எனவே எரிசக்திச் சிக்கனம் என்பது இரு பக்கமும் பேச வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, கீசர் உள்ளவர்கள் நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்கட்டும், தேவையான நேரத்தில் மட்டும் இயக்கட்டும்.

இரண்டாவது, ராடு பயன்படுத்துவோர் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். 'சூடாகிவிட்டதா' என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரையே வாங்கக்கூடியது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் ராடு போட்ட வாளி இருக்கவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை வீட்டில் பொருத்துவது கீசரைவிட அவசியமானது.

மூன்றாவது, சூரிய வெந்நீர்க் கலன்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. வெயிலுக்குக் குறைவில்லாத மாவட்டம் நம்முடையது. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எத்தனை இடங்களில் இக்கலன்கள் உள்ளன என்று கிராம சபையில் நாம் கேட்கலாம். பிள்ளை பெற்ற தாய்க்கும், விடுதியில் படிக்கும் சிறுவனுக்கும் விடியற்காலையில் ஒரு வாளி வெந்நீர் என்பது ஆடம்பரம் அன்று.

இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்ளத் தெரிந்த கருவியை மனிதன் செய்துவிட்டான். நல்லதே. அந்தப் 'போதும்' என்ற சொல் அதை வாங்கும் நமக்கும் தெரிந்திருந்தால், மின்கட்டணம் குறையும். நாம் மிச்சம் வைப்பது, இன்னும் மூன்று கல் அடுப்பின் முன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் தாயிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஊரும் அரசும் சேர்ந்து முடிவெடுத்தால், மார்கழி விடியலில் புகையும் குறையும்.