சிப்பாய் எழுதிய கடிதம்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் பிரான்சு தேசத்து மார்செய் துறைமுகத்தில் முதல் உலக யுத்தத்துக்காக வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களாக இருந்தபோதிலும், அவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்கள் வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து சென்றன. அகழியிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்தவன் சொல்லச்சொல்ல எழுத்துத் தெரிந்த சகா ஒருவன் எழுதிக்கொடுப்பான். கிராமத்தில் அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோ தபால்காரரோ வாய்விட்டுப் படிக்க, மனைவி கதவோரம் நின்று கேட்டிருப்பாள். பணம் வந்து சேர்ந்ததா, நிலத்து வழக்கு என்ன ஆயிற்று, தங்கையின் விவாகம் நிச்சயமாயிற்றா என்பவையே அவற்றில் பெரும்பகுதி. பீரங்கி முழக்கத்தின் நடுவிலும் குடும்ப விசாரம் குறையவில்லை.

இத்தனை பேர் கேட்ட அந்தரங்கத்தைச் சர்க்காரும் கேட்டது. சிப்பாய்களின் மனோநிலையை அறியவும், அவர்கள் எழுதும் செய்தியால் ஊரில் ஆள் சேர்ப்பது தடைப்படாதிருக்கவும் பொலோன் நகரத்தில் தணிக்கை அலுவலகம் அமைத்து, கடிதங்களைப் பிரித்துப் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். இதை ஊகித்த சிப்பாய்கள் இந்தியப் படையைக் கருமிளகு என்றும், வெள்ளைக்காரப் படையைச் செம்மிளகு என்றும் குறிப்பிட்டு, எது எவ்வளவு செலவாயிற்று என்று சமையற்கட்டுச் சமாசாரம் போல எழுதலானார்கள். (தணிக்கைக்காரர்களுக்கும் அது விளங்காமலில்லை.)

மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுப் பெட்டிகளிலேயே மக்கி அழிந்துபோக, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்று எஞ்சியிருப்பவை அந்தத் தணிக்கை அலுவலகம் பெயர்த்தெழுதிய பகுதிகளே. அன்பினால் காப்பாற்றப்படாதது சந்தேகத்தினால் காப்பாற்றப்பட்டது என்பது சரித்திரத்தின் விபரீதமே. அவற்றின் மூலங்களும் பெரும்பாலும் உருது, குர்முகி, ஹிந்தி ஆகியவற்றில் எழுதப்பட்டவை. மெசபடோமியா வரை சென்ற மதராஸ் சாப்பர் என்னும் பொறியாளர் படையில் தமிழர் பலர் இருந்தும், அவர்கள் வீட்டுக்கு எழுதியதில் நம் கைக்கு எட்டியது மிகச் சொற்பம்.

பிற்கால யுத்தங்களின் கடிதங்களுக்காவது இந்நிலை நேரக் கூடாது. வேலூர் வட்டாரம் போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவரும் ஊர்களில், 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் விலாசமிட்ட 1965, 1971 யுத்தகாலக் கடிதங்கள் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் இருக்கக்கூடும். கார்கில் யுத்தத்துக்குப் பிறகு கைப்பேசி பரவிவிட்டதால் அத்தகைய காகிதம் புதிதாகச் சேரப்போவதுமில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும், வீட்டார் சம்மதத்தோடு இவற்றின் பிரதிகளையேனும் திரட்ட முன்வர வேண்டும். அதுவரை, அத்தகைய கட்டு வீட்டில் இருப்பவர்கள் அதைப் பழைய காகிதக்காரனிடம் போட்டுவிடாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.